வடம் கடைசியில் வாங்கு

பொங்கலுக்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை என்று இரண்டு மூன்று பேர் போனில் விசாரித்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது, எழுதக் கை வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

என் தங்கை மகன் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பழைய பிக்கப் வாங்கினான். ஃபோர் வீல் டிரைவ் வண்டி. சவுக்குத் தோப்பிலிருந்து கழி ஏற்றுவது, மீன் இறங்கும் இடத்துக்கு ஐஸ் கொண்டுபோவது, மழைக்காலத்தில் வயலிலிருந்து நெல் மூட்டை எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் போகிறான். நம் கிள்ளைப் பக்கம் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தார் ரோடு பாதி வழிதான். மீதி மணல், உப்பங்கழிச் சேறு, வாய்க்கால் கரை. முதல் மாதமே இரண்டு முறை மாட்டிக்கொண்டான். இரண்டு முறையும் டிராக்டருக்குக் காசு கொடுத்து வெளியே வந்தான்.

ஒரு நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். முன் பம்பரில் மாட்டும் எலெக்ட்ரிக் வின்ச், ஆள் உயரத்துக்கு ஒரு ஜாக்கி, தண்ணீரில் போக ஸ்நார்கல், கூரை மேலே எல்.இ.டி. விளக்கு வரிசை, கொக்கியோடு சேர்ந்த இரும்பு ரோப். கீழே ஒரு வரி: "மாமா, நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே. எத்தனை டன் வின்ச் வாங்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

கணக்குப் போடுவது எனக்குச் சிரமமில்லை. ஆனால் "கொக்கியோடு சேர்ந்த ரோப்" என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதுவரை நான் பொதுவில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையை நம் ஊரில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு என்று பெயர் சொன்னாலே போதும். பிச்சாவரம் காடு சில ஊர்களை ஓரளவு காப்பாற்றியது, காடு இல்லாத இடத்தில் அலை நேராக வந்தது. அடுத்த நாட்களில் வெளியூர்களிலிருந்து அரிசி, போர்வை, துணி என்று வண்டி வண்டியாக வந்தது. பள்ளி விடுமுறை. நானும் சில பழைய மாணவர்களும் வருகிற வண்டிகளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு லாரி வந்தது. அரிசி மூட்டை, ஒவ்வொன்றும் 25 கிலோ, ஏறக்குறைய 200 மூட்டை. டிரைவர் வெளியூர்க்காரர். கடற்கரைப் பக்கம் போகும் மண் பாதையில் அலை கொண்டுவந்து போட்ட மணலும் சேறும் கலந்து கிடந்தது. மேலே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே களி. பின் சக்கரம் இறங்கியது. டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். சக்கரம் சுற்றச் சுற்றத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு ஆக்சில் வரை புதைந்துவிட்டது.

சுற்றி நாற்பது பேராவது இருந்தோம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் நான்தான் "சார்". ஒரு டிராக்டர் வந்தது. படகு கட்டும் தடித்த நைலான் வடம் ஒன்றை யாரோ கொண்டுவந்தார்கள். "லாரி முன்னாடி இருக்கற கொக்கியில கட்டுங்க" என்று நான்தான் சொன்னேன். பம்பரில் பற்றவைத்த கொக்கி அது. எதற்காக வைத்தார்கள், எவ்வளவு தாங்கும் என்று நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. டிராக்டர் மெதுவாக இழுத்தபோது லாரி அசையவில்லை. "கொஞ்சம் பின்னாடி வந்து, வேகமா எடுங்க" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்த ஒரு பையனைக் கொக்கிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, "கயிறு நழுவுதான்னு பாருடா" என்றதும் நான்தான்.

டிராக்டர் ஓடியது. வடம் இழுபட்டு நீண்டது. வடம் அறுக்கவில்லை, கொக்கி பிய்த்துக்கொண்டது. உண்டிவில்லில் கல் போகிற மாதிரி இரும்புத் துண்டு போனது. சத்தம் கேட்ட பிறகுதான் பையன் கீழே கிடப்பதைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. ஓர் அடி மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் கணக்குப் போடுகிறேன். அவனைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான், நடக்கிறான். ஆனால் வலது கால் கொஞ்சம் குட்டை. நடந்து வரும்போது தூரத்திலிருந்தே அவன்தான் என்று தெரியும்.

லாரி எப்படி வெளியே வந்தது தெரியுமா? மறுநாள் காலை மீனவப் பெரியவர் ஒருவர், "மூட்டைய எறக்குங்கப்பா மொதல்ல" என்றார். 200 மூட்டை, 40 பேர், ஆளுக்கு ஐந்து மூட்டை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வாரிவிட்டு, தென்னை மட்டையும் சாக்கும் போட்டு, டயரில் கொஞ்சம் காற்றையும் இறக்கினார்கள். லாரி தன் சொந்த பலத்திலேயே நகர்ந்து வந்துவிட்டது. டிராக்டரே வேண்டியிருக்கவில்லை.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. "ஒட்டகத்துக்குப் பாதம் ஏன் அகலமா இருக்கு?" என்று வருடா வருடம் கேட்பேன். "மணல்ல புதையாம இருக்க சார்" என்று கோரஸாகச் சொல்வீர்கள். எடையைக் குறைத்தால் அழுத்தம் குறையும், பரப்பைக் கூட்டினாலும் அழுத்தம் குறையும். மூட்டையை இறக்குவது முதல் வழி, காற்றை இறக்குவதும் பலகை போடுவதும் இரண்டாவது வழி. முப்பது வருடம் நடத்திய பாடம், தேவைப்பட்ட அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை. இழு, இன்னும் இழு என்பது மட்டும்தான் தோன்றியது.

மறுநாள் என் தங்கை மகனைப் பிக்கப்போடு கூட்டிக்கொண்டு அந்தப் பையனிடமே போனேன். பையன் என்கிறேன், அவனுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. சிதம்பரம் போகும் வழியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். லாரி, டிராக்டர் டயர் எல்லாம் பார்க்கிறான். பட்டியலைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தான்.

"சார், இதுல இழுக்கற சாமான்தான் இருக்கு. மாட்டாம இருக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

அன்று அவன் கடை பெஞ்சில் உட்கார்ந்து மூவரும் எழுதிய பட்டியலைத்தான் கீழே தருகிறேன். வரிசை முக்கியம். காசு கொஞ்சமாக இருந்தால் மேலிருந்து வாங்கிக்கொண்டே வாருங்கள்.

முதலில் காற்று அளக்கும் மீட்டரும், வண்டி பேட்டரியில் ஓடும் பம்பும். மணலில் இறங்குவதற்கு முன்பே டயர் காற்றைக் குறைக்க வேண்டும், மாட்டிய பிறகு இல்லை. ரோட்டில் வைக்கிற காற்றில் மூன்றில் ஒரு பங்கை இறக்கிப் பார்க்கலாம். காலி வண்டி, மணல் மிகவும் இளக்கம் என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். 35 பி.எஸ்.ஐ. வைக்கும் ஜீப், கார் மாதிரி வண்டிகளுக்கு மணலில் 18 முதல் 20 வரை வைப்பது வழக்கம். சுமை வண்டி டயருக்கு அந்த எண்ணைக் காப்பியடிக்காதீர்கள், அதன் கணக்கு வேறு. காற்று குறைந்தால் டயர் தரையில் படுகிற இடம் நீளும், ஒட்டகப் பாதம் மாதிரி. ஆனால் காற்று குறைந்த டயரில் வேகமாகப் போகக் கூடாது, வெடுக்கென்று ஒடிக்கவும் கூடாது. டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி காற்று அடித்த பிறகுதான் கிளம்ப வேண்டும். அதனால்தான் மீட்டரோடு பம்பும் சேர்த்து வாங்கச் சொல்கிறோம். "காத்து எறக்க எல்லாருக்கும் தெரியும் சார். அடிக்க வழியில்லாம அப்படியே சிதம்பரம் வரைக்கும் ஓட்டி, டயர கிழிச்சிக்கிட்டு என்கிட்ட வருவாங்க" என்றான்.

இரண்டாவது மண்வெட்டி. சக்கரம் சுற்ற ஆரம்பித்த உடனே காலை எடுத்துவிட வேண்டும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் சரிவாக மண்ணை வார வேண்டும். ஆக்சிலும் வண்டியின் அடிப்பாகமும் மண்ணில் உட்கார்ந்திருந்தால் அதற்குக் கீழேயும் வார வேண்டும். வயிறு தரையில் படுத்திருக்கிற வண்டியை எத்தனை டன் வின்ச் போட்டாலும் அது உழுதுகொண்டுதான் வரும். களிமண் சக்கரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் தோண்டிக் காற்றும் தண்ணீரும் உள்ளே போக வழி செய்தால் அந்தப் பிடி விட்டுவிடும். நம் வீட்டு மண்வெட்டி போதும். காம்பு மட்டும் குட்டையாக இருந்தால் வண்டிக்கு அடியில் வேலை செய்ய வசதி.

மூன்றாவது, சக்கரத்துக்குக் கீழே கொடுக்கப் பலகை. இப்போது பல் வைத்த பிளாஸ்டிக் பலகைகள் கடையில் கிடைக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. இல்லாவிட்டால் நான்கு அடி நீளத்தில் கனமான மரப்பலகை இரண்டு, கூடவே நாலைந்து சணல் சாக்கு. பலகை மேல் சக்கரத்தைச் சுற்றவிடக் கூடாது. மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் பலகை பின்னால் பறக்கும், அதனால் சக்கரத்துக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

நான்காவது, ஜாக்கியும் அதற்கு அடியில் வைக்க ஒன்றரை அடிச் சதுரப் பலகையும். மணலில் ஜாக்கியை மட்டும் வைத்தால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். இதுவும் அதே ஒட்டகப் பாடம்தான். ஆள் உயர ஜாக்கி பலமான சாமான்தான், ஆனால் பழகாதவன் கையில் அதன் கைப்பிடி திருப்பி அடித்துத் தாடையை உடைக்கும். வண்டியோடு வந்த ஜாக்கி போதும். தூக்கிய வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது.

ஐந்தாவது சில்லறைச் சாமான்கள். தடித்த தோல் கையுறை, நெற்றியில் கட்டும் டார்ச், முதலுதவிப் பெட்டி, குடிக்க ஐந்து லிட்டர் தண்ணீர், ஓர் அரிவாள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கடலூர்ப் பக்கம் போனவர்களுக்கு அரிவாள் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ரோடு முழுக்க மரம்.

கடைசியில்தான் வடம். கடைசியில் என்றால் மட்டமானது வாங்கலாம் என்று அர்த்தமில்லை. இதில்தான் நல்ல சரக்கு வேண்டும்.

வடத்தில் இரண்டு வகை. ஒன்று நைலானில் செய்தது, நீளும். இழுக்கும் வண்டியின் வேகத்தை வாங்கிச் சேர்த்துவைத்து, மாட்டிய வண்டிக்குக் கொடுக்கும். இன்னொன்று பாலியெஸ்டர் பட்டை, அதிகம் நீளாது, ரோட்டில் நின்ற வண்டியை மெல்ல இழுத்துப் போவதற்கு. நீளாத பட்டையை வைத்து ஓடி வந்து இழுத்தால் ஏதாவது ஒன்று உடையும். நீளும் வடத்திலும் ஆபத்து உண்டு, அது சேர்த்துவைக்கும் ஆற்றல் அவ்வளவும் எங்கேயோ போயாக வேண்டும். எங்கள் பிக்கப் சுமையோடு ஏறக்குறைய 3 டன். வடத்தின் அறுபடும் அளவு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதனால் 8 டன்னுக்குக் குறையாமல் பார்த்தோம். அளவு எழுதாத வடத்தை வாங்காதீர்கள். கொக்கி தைத்து வரும் மலிவான ரோப் வேண்டவே வேண்டாம்.

இணைப்புக்கு ஷாக்கிள். அதன் மேல் எத்தனை டன் என்று அச்சாகியிருக்கும். முக்கால் அங்குல ஷாக்கிளில் 4.75 டன் என்று இருக்கும். அது வேலைக்கான பளு, உடையும் பளு அதைவிடப் பல மடங்கு. அச்சு இல்லாத ஷாக்கிள் வெறும் இரும்பு. பின்னை இறுகத் திருகிவிட்டு, ஒரு கால் சுற்று பின்னால் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இழுபட்ட பிறகு கழற்ற முடியாது. இப்போது நாராலேயே பின்னிய ஷாக்கிளும் வருகிறது. ஏதாவது அறுத்துக்கொண்டாலும் இரும்பு பறக்காது என்பது அதன் நல்ல குணம்.

இதையெல்லாம்விட முக்கியம், வண்டியில் எங்கே மாட்டுவது என்பது. பம்பர் கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டை கூடாது, அது உடைந்து பறந்து உலகத்தில் பல பேர் செத்திருக்கிறார்கள். வண்டியைக் கப்பலிலோ லாரியிலோ ஏற்றிக் கட்டுவதற்கு வைத்திருக்கும் வளையமும் கூடாது. சேஸிஸில் போல்ட் போட்ட பலமான இடம்தான் வேண்டும். பையன் என் தங்கை மகனை வண்டிக்கு அடியில் படுக்கவைத்து, முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம் தொட்டுக் காட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டான். "இருட்டுல, மழையில, பத்துப் பேரு கத்தும்போது யோசிக்க வராது. இந்த மஞ்சள்ல மட்டும் மாட்டு" என்றான்.

இழுக்கும்போது வடத்தின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட வேண்டும். அறுத்தால் அது கீழே அமுக்கும். வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. வண்டிக்குள் டிரைவர்கள் மட்டும். வேடிக்கை பார்க்கிறவர்களை விரட்டாமல் இழுக்கவே கூடாது. நம் ஊரில் கஷ்டமான வேலை அதுதான்.

வின்ச் வேண்டாமா என்றால், தனியாகக் காட்டில் ஓட்டுகிறவனுக்கு வேண்டும். ஆனால் வின்ச்சுக்குப் பிடித்துக்கொள்ள எதிரே ஒன்று வேண்டுமே. நம் கடற்கரையில் என்ன இருக்கிறது? சவுக்கு, வேரோடு வந்துவிடும். ஸ்டெப்னி டயரை மணலில் ஆழப் புதைத்து அதில் கட்டலாம், ஆனால் அதற்குத் தோண்டும் நேரத்தில் வண்டிக்கு முன்னாலேயே தோண்டிவிடலாம். பிச்சாவரத்து மரங்களில் கட்டவே கூடாது. அது காப்புக்காடு. அதோடு அங்கே தில்லை மரம் உண்டு, நம் சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டையில் வடம் உரசினால் பால் தெறிக்கும். முன்னால் கூடுதலாக இரும்பு பம்பர் மாட்டுவதற்கும் சட்டச் சிக்கல் இருக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு புல் பார்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. ஸ்நார்கலும் விளக்கு வரிசையும் வண்டியை மீட்கும் சாமானே இல்லை.

பட்டியலை எழுதி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். இருபது வருடமாகக் கேட்க நினைத்ததை அன்று கேட்டேன். "என் மேல உனக்குக் கோபம் இல்லையாடா?"

"அன்னைக்கு அங்க நின்ன யாருக்கும் தெரியாது சார்" என்றான்.

"எனக்குத் தெரியும்டா. எட்டாம் வகுப்புப் பாடம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கோபம் இருந்துச்சு சார். ரெண்டு மூணு வருஷம் இருந்துச்சு. அப்புறம் கடை வெச்சேன், வேலை வந்துடுச்சு" என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினான். இல்லை சார், பரவாயில்லை சார் என்று அவன் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு நிம்மதி. பொய் சொல்லவில்லை பாருங்கள்.

மாசி மகத்துக்கு வருகிறேன். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் நம் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருவதும், தர்காவில் பெருமாளுக்கு மரியாதை செய்வதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த ஆண்டும் முழுக்குத்துறையில் நல்ல கூட்டம். வெளியூர் வேன் ஒன்று நிழலுக்கு ஒதுங்குகிறேன் என்று மணலில் இறங்கி, பின் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. உள்ளே வயதான பெண்கள், குழந்தைகள். ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடி, ஒருவர் கயிறு கொண்டுவந்து பம்பரில் முடிச்சுப் போட ஆரம்பித்தார். எனக்கு மார்பு படபடத்தது.

என் தங்கை மகன் போய் அந்த முடிச்சை அவிழ்த்தான். "இழுக்க வேணாம்ணே. மொதல்ல எல்லாரும் எறங்குங்க" என்றான். மீட்டரை வைத்து நான்கு டயரிலும் காற்றை இறக்கினான். மண்ணை வாரினான், பலகை கொடுத்தான். கூட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளி நிற்கவைத்தான். சிலர் முணுமுணுத்தார்கள், "சும்மா ஒரு இழுப்பு இழுத்தா வந்துரும்" என்று. அவன் காதில் வாங்கவில்லை. வேன் மெல்ல ஏறி வெளியே வந்தது. பம்பை எடுத்துக் காற்றும் அடித்து அனுப்பினான். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். வடம் பையிலேயே இருந்தது.

பிள்ளைகளே, உங்களில் சிலர் லாரி ஓட்டுகிறீர்கள், சிலர் டிராக்டர் வைத்திருக்கிறீர்கள், வளைகுடாவில் பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். இன்று இரவே உங்கள் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், இழுக்க எந்த இடம் தாங்கும் என்று. தெரியாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டு, ஒரு சொட்டு மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுங்கள். பெரியவர் யாராவது "கொஞ்சம் வேகமா எடு" என்று சொன்னால், அவர் உங்கள் வாத்தியாராகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். பத்திரமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார், கிள்ளை.